தோள்பையை நிறுத்துப் பாருங்கள்!

நாளை அதிகாலையில் மலையேற்றம். தேனியிலிருந்து போடிநாயக்கனூர், போடியிலிருந்து குரங்கணி, அதன் பிறகு நடை. பையை இரவே கட்டி முடித்துவிட்டீர்கள். மாற்றுடை, போர்வை, தண்ணீர்ப் புட்டிகள், டார்ச் விளக்கு, அம்மா சேர்த்து வைத்த முறுக்கு டப்பா, கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்த நாலைந்து பொருள்கள் எல்லாம் உள்ளே போயாயிற்று. பையைத் தூக்கித் தோளில் மாட்டிப் பார்க்கிறீர்கள். "அவ்வளவு கனமில்லை, சமாளித்துவிடலாம்" என்று தோன்றுகிறது.

ஒரு கேள்வி. அந்தப் பையின் எடை எத்தனை கிலோ?

பெரும்பாலோர் கையால் தூக்கிப் பார்த்துத்தான் விடை சொல்வார்கள். ஆனால் கை நம்பத் தகுந்த தராசு அல்ல. ஒரே எடையுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருந்தால், பெரிய பெட்டியே இலேசானது என்று கை சொல்லும். சார்ப்பாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1891-இல் இதைச் சோதனை செய்து எழுதினார். இரண்டும் சம எடை என்று தெரிந்த பிறகும் இந்த மயக்கம் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. உப்பிய பெரிய பையை நீங்கள் "இலேசு" என்று நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கையை நம்பி ஏமாந்த மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கமாக ஏறிய ஒரு பள்ளிக் குழுவுடன் நானும் போயிருந்தேன். அவன் ஒன்பதாம் வகுப்பு. நல்ல உடற்கட்டு, கபடி ஆடுபவன். ஏறத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பின்தங்கினான். யாரும் பார்க்காத சமயத்தில், கொண்டுவந்த இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டரைப் பாறையில் ஊற்றிவிட்டான். பகல் பதினொன்றரை மணிக்கு மீதித் தண்ணீரும் தீர்ந்தது. பன்னிரண்டரைக்குக் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வந்து உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் தங்கள் தண்ணீரைப் பகிர்ந்து கொடுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கவைத்து, மெதுவாக இறக்கிக் கொண்டுவந்தோம். அன்றைய நடை பாதியில் முடிந்தது.

"ஏன்டா தண்ணீரைக் கொட்டினாய்?" என்று கேட்டேன்.

"அதுதான் சார் கனமாக இருந்தது" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம் என்று பாடத்தில் படித்திருக்கிறான். பையில் இருந்தவற்றுள் அவனுக்கு எடை தெரிந்த பொருள் அது ஒன்றே! மாலையில் போடியில் ஒரு மளிகைக் கடையில் அவன் பையைப் பிரித்துப் பொருள் பொருளாகத் தராசில் வைத்தோம். கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. "ஏலக்காய் வியாபாரம் நடக்கிற ஊர் தம்பி, நாங்கள் கிராமைக்கூட விட மாட்டோம்" என்று சிரித்தார். மாற்றுக்கென்று வைத்திருந்த ஜீன்ஸ் கால்சட்டை 650 கிராம். "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுத்துவந்த செருப்பு 350. மூன்று பெரிய மின்கலங்கள் போட்ட இரும்பு டார்ச் 520. ஓய்வு நேரத்தில் படிக்கலாம் என்று வைத்த கணக்கு வழிகாட்டி நூல் 680. கூட்டிப் பார்த்தால் 2,200 கிராம். நான்கில் ஒன்றையும் அவன் அன்று வெளியே எடுக்கவில்லை. ஒரு கிலோவைக் குறைக்க உயிர் காக்கும் நீரைக் கொட்டியவன், இரண்டேகால் கிலோவைச் சும்மாவே சுமந்து திரிந்திருக்கிறான்.

ஒரு கிலோ என்ன செய்யும்?

சற்றே கணக்குப் போடுவோம். உங்கள் உடல் எடை 50 கிலோ என்றும், 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பொருளை 1,000 மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை 1 × 9.8 × 1,000 = 9,800 ஜூல். இது 2.3 கிலோகலோரிக்குச் சற்றே அதிகம். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் இயக்க வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகிவிடும். ஆகவே உடலுக்கு ஆகும் செலவு சுமார் 10 கிலோகலோரி. இதை ஈடுகட்ட எவ்வளவு கடலைமிட்டாய் தின்ன வேண்டும் தெரியுமா? இரண்டே கிராம்!

"இவ்வளவுதானா? இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். விடை மொத்த ஆற்றலில் இல்லை. ஆற்றலைச் செலவிடும் வேகத்தில், அதாவது திறனில் இருக்கிறது. வெறும் கையோடு மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்றால், ஈர்ப்புக்கு எதிராக நீங்கள் காட்டும் திறன் சுமார் 41 வாட். 1,000 மீட்டருக்கு 200 நிமிடங்கள் ஆகும். பத்துக் கிலோ பையை மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் போக 49 வாட் தேவை. இதயமும் நுரையீரலும் அதற்கேற்ப வேகமாக உழைக்க வேண்டும். அது முடியாமல், பழைய 41 வாட்டிலேயே ஏறினால் 240 நிமிடங்கள் ஆகும். ஆக, பத்துக் கிலோவுக்கு 40 நிமிடம். ஒரு கிலோவுக்கு 4 நிமிடம். அந்தக் கணக்கு வழிகாட்டி நூல் ஏறத்தாழ மூன்று நிமிடத்தைத் தின்றிருக்கும். வெயில் ஏறுமுன் நிழலுக்குப் போய்ச் சேருவதும், இருட்டுமுன் இறங்கி வருவதும் இந்த நிமிடங்களில்தான் அடங்கியிருக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. படிக்கு 20 சென்டிமீட்டர் என்றால் 1,000 மீட்டருக்கு 5,000 படிகள். இறங்கும்போதும் அதே 5,000. ஒவ்வொரு படியிலும் உடலும் பையும் ஒரே காலில் வந்து இறங்குகின்றன. ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். முழங்கால் வலிப்பது இறக்கத்தில்தான்.

காலில் கட்டிய எடை இதைவிடப் பொல்லாதது. முதுகில் உள்ள எடை ஏறக்குறைய சீராக நகர்கிறது. காலில் உள்ளதோ ஒவ்வோர் அடியிலும் தூக்கி, முன்னே வீசி, நிறுத்தப்படுகிறது. பாதத்தில் சேரும் ஒரு கிலோ, முதுகில் ஏறக்குறைய ஐந்து கிலோ சுமப்பதற்குச் சமமான உழைப்பைக் கேட்கிறது என்று படைவீரர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டின. எனவே கனத்த பூட்ஸ் வாங்கித்தான் மலை ஏற வேண்டும் என்பதில்லை. வழுக்காத அடிப்பாகமுள்ள, பழகிய கான்வாஸ் காலணி ஒருநாள் நடைக்குப் போதும்.

சும்மாடு, சுமைதாங்கி, கம்பிவழி

சுமையைப் பற்றி நம் ஊர் முன்னோர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய சாலையோரங்களில் இரண்டு கல்தூண்களின் மேல் ஒரு பலகைக்கல் கிடத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இன்றி மூட்டையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். மீண்டும் புறப்படும்போது தரையிலிருந்து குனிந்து தூக்க வேண்டாம். முதுகெலும்புக்கு ஆபத்தான வேலை அதுதான். தலையில் வைக்கும் சும்மாடோ, மூட்டையின் அழுத்தத்தை அதிகப் பரப்பில் பரப்பி விடுகிறது. நேபாளத்துச் சுமைக்காரர்கள் தம்முடன் ஒரு குறுங்கோலை எடுத்துப் போகிறார்கள். நின்ற இடத்திலேயே கூடையின் அடியில் முட்டுக்கொடுத்து ஓய்வெடுக்க உதவும் அதை, நடமாடும் சுமைதாங்கி என்றே சொல்லலாம். அவர்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான கட்டுரையின்படி, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் பத்தில் ஒன்பது பங்கு சுமந்தார்கள். நீங்கள் முயன்று பார்க்காதீர்கள்! அவர்கள் மிக மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று போகிறவர்கள். சிறு வயது முதல் பழகியவர்கள்.

எப்படிச் சுமப்பது என்பதை அளந்து பார்த்த இந்திய ஆய்வு ஒன்றும் உண்டு. தத்தா, இராமநாதன் என்ற இருவர் 1971-இல் வெளியிட்டது. தலைச்சுமை, முதுகுப்பை, முன்னும் பின்னுமாக இரட்டைப்பை, முதுகில் அரிசி மூட்டை, நெற்றிப் பட்டை, காவடித்தண்டு, இரு கைகள் என ஏழு வகையில் ஒரே சுமையைச் சமதரையில் சுமக்கவைத்து, ஒவ்வொன்றிலும் செலவான ஆற்றலைக் கணக்கிட்டார்கள். முன்னும் பின்னும் சமமாகத் தொங்கிய இரட்டைப்பைக்குச் செலவு மிகக் குறைவு. கையில் தூக்கிப் போவதற்குச் செலவு மிக அதிகம். காரணம் நெம்புகோல் பாடத்தில் இருக்கிறது. சுமை உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக விலக அதன் திருப்புத்திறன் கூடும். அதைச் சமன்செய்ய முதுகுத் தசைகள் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பையில் கனமான பொருளை முதுகை ஒட்டி, நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான். தண்ணீர்ப் புட்டியை வெளிப்பக்கப் பையில் தொங்கவிட்டு ஆட விடுவது அழகாக இருக்கும்; ஆனால் தோள் அதற்கு வாடகை கொடுக்கும்.

குரங்கணி மலைக்கே பெரிய சுமைக் கதை ஒன்று இருக்கிறது. மூணாறு, குண்டளைப் பகுதித் தேயிலையைக் கீழே கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போட்டார்கள். மாடுகள் இழுத்த வண்டிகள் அதில் ஓடின. 1908-இல் அது குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்டது. பாதை முடிந்த உச்சிதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தன. அந்த இடத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் விழுந்தது. பிறகு மாட்டுவண்டியில் போடி. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் இருந்த அந்த இருப்புப் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போன பிறகும் பெயர்கள் நிலைத்துவிட்டன. ரயிலே இல்லாத மலையில் "ஸ்டேஷன்" எதற்கு என்று இனி யாரும் கேட்டால் நீங்கள் சொல்லலாம்.

நோட்டுப் புத்தகமும் தராசும்

இனி நம் பைக்கு வருவோம். எடையைக் குறைக்க விலையுயர்ந்த பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு தராசும் போதும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தெரு மளிகைக் கடைக்காரரிடம் கூட்டமில்லாத நேரத்தில் கேளுங்கள். குளியலறை எடைப் பொறியில் ஒருமுறை பையோடும் ஒருமுறை பையில்லாமலும் ஏறி நின்று கழித்துப் பார்க்கும் வழியும் உண்டு. மொத்த எடையைத் தோராயமாக அறிய அது உதவும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கால் கிலோ பிழை வருமானால், கழித்து வரும் விடையில் அரைக் கிலோ வரை பிழை சேரலாம். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பதில் எப்போதும் இந்தத் தொல்லை இருக்கிறது. சோப்புக் கட்டியை அப்படி நிறுக்க முடியாது.

நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: பொருள், எடை கிராமில், பயன்பட்டதா? ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். பையையும் நிறுக்க மறக்காதீர்கள். சில பைகள் காலியாகவே ஒன்றரைக் கிலோ இருக்கும். உணவையும் நீரையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அவை நடக்க நடக்கக் குறைபவை. மற்றவை காலை முதல் மாலை வரை அப்படியே இருப்பவை. இவற்றின் கூட்டுத்தொகையை அடிப்படை எடை என்பார்கள். ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் 1992-இல் வெளியிட்ட நடைப்பயண நூலின் மூலம் இந்தக் கணக்கு உலகெங்கும் பரவியது. அவர் விண்வெளிப் பொறியியல் துறையில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு கிராமுக்கும் காரணம் கேட்பது அந்தத் துறைக்காரர்களின் பழக்கம்! அவருக்கு வெகு முன்பே, 1955-இல், எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். கூடாரம் கிடையாது. தானே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை, காலில் கான்வாஸ் காலணி. பாட்டி தராசு வைத்து நிறுத்தாரோ என்னவோ, தேவையற்றதைக் கண்டால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டியலை எழுதியதும் எடை கூடியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் முதல் ஐந்து பொருள்களிலேயே பாதிக்கு மேல் எடை அடங்கியிருக்கும். பல்தூரிகையின் காம்பை அறுத்து ஐந்து கிராம் மிச்சம் பிடிக்கும் ஆர்வலர்கள் உண்டு. அது பொழுதுபோக்கு, கம்பளிப் போர்வைக்குப் பதில் பருத்திப் போர்வையா என்று கேட்பதே கணக்கு. ஒரு லிட்டர் எவர்சில்வர் புட்டி காலியாகவே 300 கிராம் தாண்டும். பருத்தி உடை நனைந்தால் தன் எடைக்குச் சமமான நீரையோ அதற்கு மேலுமோ பிடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் உலராது. மழைக்காலத்தில் ஜீன்ஸ் வேண்டாம் என்பது அதனால். நண்பர்கள் நால்வர் போனால் முதலுதவிப் பெட்டி ஒன்று போதும். நான்கு பற்பசை, நான்கு சீப்பு எதற்கு?

சமையல் பாத்திரமும் அடுப்பும் எடுத்துப் போகலாமா என்று கேட்காதீர்கள். காட்டில் தீ மூட்டக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்தபோது, குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் இடம் பெற்றது. அனுமதி, வழிகாட்டி, தீப்பருவத்தில் போகாமை ஆகிய மூன்றும் எடையற்றவை. அவற்றைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

எதைத் தின்பது?

உணவுப் பக்கத்தில் எடையோடு இன்னொரு பத்தியும் சேருங்கள்: நூறு கிராமுக்கு எத்தனை கிலோகலோரி? கொழுப்பு கிராமுக்கு 9, மாவும் புரதமும் 4, தண்ணீர் சுழியம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு ஊர்த் திராட்சையை விட்டுப் போக மனம் வராது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெருமைதான். ஆனால் திராட்சையின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். நூறு கிராமில் 70 கிலோகலோரிதான். அதையே உலர்த்திய திராட்சையாக்கினால் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 300. வேர்க்கடலையில் 550-க்கு மேல். அவல், கடலைமிட்டாய், உலர்திராட்சை மூன்றும் சேர்ந்தால் முறுக்கு டப்பாவைவிட இலேசான, நசுங்காத மதியச் சாப்பாடு. திராட்சையைக் கீழே இறங்கிவந்து சின்னமனூர்ப் பக்கம் வாங்கித் தின்னுங்கள்.

நீரில் மட்டும் கைவைக்காதீர்கள். வெயிலில் மலையேறுபவர் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கலாம். ஓடைகள் இருக்கும் இடத்தை வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டால், முழுநாள் நீரையும் காலையிலேயே சுமக்க வேண்டியிராது. ஓடைநீரில் குளோரின் மாத்திரை போட்டு, உறையில் சொன்ன நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும். மாத்திரை அட்டையின் எடை சில கிராம்.

திரும்பி வந்ததும் அலுப்பாக இருக்கும். ஆனாலும் மூன்றாவது பத்தியை அன்றிரவே நிரப்புங்கள். பயன்படாத பொருள்களின் மேல் கோடு போடுங்கள். முதலுதவி, சிறு டார்ச், ஊதல், மழையுறை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அவை பயன்படாமல் திரும்பினால் மகிழ்ச்சி என்று வைத்திருப்பவை. இரண்டு மூன்று பயணங்களில் பட்டியல் தானே இளைத்துவிடும். எதுவரை இளைக்க வேண்டும்? பள்ளிப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020-இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. ஒருநாள் நடைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். நோட்டு கையில் இருக்கும்போதே உங்கள் பள்ளிப் பையையும் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். விடை சிலருக்கு மலைப்பையைவிட அதிகமாக வரும்.

அந்தக் கபடி வீரன் அடுத்த முறை எங்களுடன் வந்தபோது நோட்டைக் காட்டினான். இரண்டரை லிட்டர் தண்ணீர் உட்பட மொத்தம் 4 கிலோ 300 கிராம். அதில் ஒரு சந்தேகமும் எழுதி வைத்திருந்தான்: "மேலே போகப் போகப் புவிஈர்ப்பு குறையும் என்கிறார்களே, பை தானே இலேசாகாதா சார்?"

ஆகும். டாப் ஸ்டேஷன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர். போடியைவிட 1,300 மீட்டருக்கு மேல் உயரம். உயரத்தின் இருமடங்கைப் புவியின் ஆரமான 6,371 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். பத்துக் கிலோ பைக்கு அந்த மலை தரும் தள்ளுபடி சுமார் 4 கிராம். மலையின் சொந்த ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தையும் நுட்பமான வில்தராசு காட்டிவிடும். எடைக்கற்கள் வைத்த தட்டுத்தராசு, எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், காட்டவே காட்டாது. ஏன் என்று யோசித்து, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் விடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.